குருசாமிக்கு ஒட்டிய சுவரொட்டி

விருதுநகரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் முதலில் பார்த்த முகம் என்னுடையதுதான். பஸ் ஸ்டாண்டு சுவரில், ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரத்தின் மேல், பசை சரியாகக் காயாமல் ஒட்டியிருந்தது. பதினேழு வயது முகம். எண்ணெய் வழியப் படிய வாரிய தலை, வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மீசை. மேலே கறுப்பு எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே ‘எங்கள் வகுப்புத் தோழன் எம். புதுப்பட்டி குருசாமி’. அதற்கும் கீழே பழைய மாணவர்களின் பெயர்கள் வரிசையாக. அதில் என் பெயரும் இருந்தது.

செத்தது குருசாமி. படத்தில் இருந்தது நான்.

சூட்கேஸைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். படத்தில் என் இடது கை பக்கவாட்டில் நீண்டு, முழங்கையோடு வெட்டுப்பட்டிருந்தது. அந்தக் கை யார் தோளில் கிடந்தது என்று எனக்குத் தெரியும். கடைசிப் பரீட்சை முடிந்த அன்று ஸ்டேஷன் பக்கத்து ஸ்டுடியோவில் நானும் குருசாமியும் சேர்ந்து எடுத்த படம் அது. ஆளுக்கொரு பிரதி வைத்திருந்தோம். என்னுடையது பினாங்கில், என் கடைக்கு மேல்மாடியில், கூடத்துச் சுவரில் தொங்குகிறது.

பினாங்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். குருசாமி நெஞ்சுவலியில் போய்விட்டான் என்று எங்கள் கூட்டாளி தங்கராசு போன் பண்ணியபோது கடையில் ஆள் இல்லை, விமானத்தில் இடம் இல்லை. பிணம் எடுப்பதற்குள் வர முடியவில்லை. பதினாறாம் நாள் கருமாதிக்காவது வந்து நின்றுவிட வேண்டும் என்று கிளம்பி வந்தேன். வந்த இடத்தில் எனக்கே அஞ்சலி நடந்துகொண்டிருந்தது.

பசி வயிற்றைக் கிள்ளியது. துக்கத்துக்கு வந்தவனுக்குப் பசிக்கக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எண்ணெய் பரோட்டா போடுகிற கடையில் போய் உட்கார்ந்தேன். பினாங்கிலும் பரோட்டா உண்டு, ரொட்டி சனாய் என்பார்கள், துணி மாதிரி மெத்தென்று இருக்கும். எங்கள் ஊர்க்காரனுக்கு அது நோயாளி ஆகாரம். இங்கே எண்ணெயில் மிதக்கவிட்டு முறுகலாக எடுத்து, கையால் நொறுக்கி, சால்னாவை மேலே கவிழ்ப்பார்கள். கடைக்கு எதிர்ச்சுவரிலும் நான் இருந்தேன். பரோட்டா வைத்தவர் என்னையும் பார்த்தார், சுவரையும் பார்த்தார், ஒன்றும் தெரியாமல் போய்விட்டார். எனக்கு முடி கொட்டி வயிறு வந்து முப்பது வருஷம் ஆகிறது.

அக்கா வீட்டில்தான் என்னை அடையாளம் தெரிந்திருந்தது. மச்சானைப் பசைவாளிக்காரன் மாதிரி வாளியும் தண்ணீருமாக அனுப்பித் தெருமுனைச் சுவரொட்டியைக் கிழிக்க வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“காலையில இருந்து போன் மேல போன். சாகுலுக்கு என்னாச்சு, சாகுலுக்கு என்னாச்சுன்னு ஆளாளுக்குக் கேக்காக. எனக்குக் கையுங் காலும் ஓடலப்பா. ஏர்ப்போட்டுல இருந்து நீ பேசுன பெறகுதேன் உசுரு வந்துச்சு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பரவாயில்ல. இப்பிடித் தப்பாச் சேதி வந்தா ஆயுசு கூடும்பாக. உனக்கு ஆயுசு கெட்டி.”

அன்று பூராவும் வீட்டில் இதே பேச்சுதான். குருசாமியைப் பற்றி யாரும் பேசவில்லை. அது எனக்குக் கோபத்தைத் தந்தது. செத்தவன் பெயரில் நான் ஒட்டிக்கொண்டதால், அவனுக்குச் சேர வேண்டிய துக்கம் முழுக்க எனக்கு வந்து சேர்ந்துவிட்டது.

மறுநாள் சிவகாசி பஸ் ஏறினேன். திருத்தங்கல் தாண்டுவதற்குள் டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கி ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம். வெடி வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியோடு நின்றார்கள். விரல் இடுக்குகளில் வெள்ளி மாதிரி மருந்துத்தூள் பூத்திருந்தது, எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. மரத்துக்குப் பக்கத்துக் கல்வெர்ட்டிலும் சுவரொட்டி இருந்தது.

“ஐயோ, சின்னப் பயலா இருக்கானே. எந்த ஆபீஸ்ல வெடிச்சுச்சாம்?” என்றாள் ஒருத்தி. இங்கே வெடி ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள்.

“தெரியலக்கா. புதுப்பட்டின்னு போட்டிருக்கு.”

“பெத்தவ என்ன பாடுபடுதாளோ” என்று அவள் என் முகத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குருசாமியின் அம்மாவும் இப்படித்தான் தூக்குச்சட்டியோடு வெடி வேலைக்குப் போனவர். அதற்கு முன்னால் அடுத்தவர் காட்டில் களையெடுத்தவர். குருசாமி புதுப்பட்டியிலிருந்து வந்து, விருதுநகரில் அவன் மாமா வீட்டில் தங்கி எங்களோடு படித்தான். ஒரே பெஞ்சு. வகுப்பில் இடி இடித்தால் நாங்கள் எல்லாம் காதைப் பொத்துவோம், அவன் மட்டும் ஜன்னலைப் பார்த்துச் சிரிப்பான். கேட்டதற்கு, “இடி இடிச்சா மருந்து பத்திக்கிரும்னு ஆபீஸ்ல வேலைய நிப்பாட்டிருவாகலே. எங்கம்மா வெள்ளனா வீட்டுக்கு வந்துரும்” என்றான். அவன்தான் மாமா வீட்டில் இருக்கிறானே, இருந்தாலும் அந்தச் சிரிப்பு வந்துவிடும். பினாங்கில் இடி இல்லாத சாயங்காலம் குறைவு. கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது வானம் உருண்டால் எனக்கு அவன் ஞாபகம் வந்துவிடும். நானும் சிரிப்பேன். வாடிக்கைக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

நோன்பு மாதத்தில் அவன் என் கண்முன் சாப்பிட மாட்டான். மத்தியானம் மைதானத்துச் சுவருக்குப் பின்னால் போய், நின்றபடியே தூக்கைக் காலி செய்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவான். அப்படிச் செய் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு தடவை, ஏன்டா இப்படி ஓடுகிறாய் என்றேன். “நீ பசியோட இருக்கயில நான் வாயசைச்சா நல்லாவாலே இருக்கும்?” என்றான். அவ்வளவுதான். அதன் பிறகு எத்தனையோ பேரோடு பழகிவிட்டேன். அவன் மாதிரி ஒருவன் அமையவில்லை.

தங்கராசுவும் எங்கள் வகுப்புதான். சிவகாசியில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறான். காலண்டர் சீசன். உள்ளே கால் வைக்க இடமில்லாமல் முருகனும் லட்சுமியும் ரீம் ரீமாக அடுக்கிக் கிடந்தார்கள். என்னைப் பார்த்ததும் தங்கராசு எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

“நேத்து சாயங்காலம்தேன் பாத்தேன்லே, ஒட்டுன பெறகு. ஆர்டர் நெருக்கடில ப்ரூஃப் பாக்காம விட்டுட்டேன். குருசாமி பொண்டாட்டி பேச்சி போட்டோவக் குடுக்கயிலே படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு, வலது பக்கம் நிக்கிறதுதேன் அவுகன்னு. நானும் ஆள்கிட்ட வலதுன்னுதேன் சொன்னேன். எங்காளு நாள் பூரா நெகட்டிவ் பாக்குறவன். வலதுன்னா அவன் கை தன்னால இடதுக்குப் போயிரும்.”

நெகட்டிவில் எல்லாம் திரும்பித்தான் தெரியும். வருஷக்கணக்காக அதையே பார்த்த கண்ணுக்கு நேராக இருப்பதுதான் தப்பாகப்படுமாம். தங்கராசு தன் வீட்டுக் கதவையே அப்படித்தான் தள்ள வேண்டிய பக்கம் இழுப்பானாம். சிரிப்பு வர வேண்டிய இடம், இருவருக்கும் வரவில்லை.

“சரி விடு. சரியான படத்த வச்சு நாளைக்கு வேற போடு” என்றேன்.

தங்கராசு கையை விட்டான். “படத்த வெட்டித்தேன் ஒட்டுனான். உன் பாதி இருக்கு. அவன் பாதி, வெட்டுத் துண்டுகளோட சாக்குல விழுந்துருச்சு. அன்னைக்கே லோடு ஏறிருச்சு.”

“எங்க?”

“நாரணாபுரத்துக்கு. வெடிக்குக் குழல் சுத்த.”

குருசாமிக்கு வேறு படம் இல்லை என்பதை அப்புறம்தான் சொன்னான். குருசாமி வெடி ஆபீஸில் ஃபோர்மேனாகி எத்தனையோ வருஷம் ஆகியும் யார் கேமராவைத் தூக்கினாலும் நழுவிவிடுவானாம். “நம்ம லைன்ல போட்டோ எடுத்தா பேப்பர்லதேன் வரும்” என்பானாம். வெடி விபத்து நடந்தால்தானே இந்த ஊர்க்காரன் படத்தைத் தேடி நிருபர்கள் வருகிறார்கள். கல்யாணம் குலதெய்வம் கோயிலில், அங்கே கேமரா இல்லை. ரேஷன் கார்டில் முகத்தின் மேல் முத்திரை குத்தியிருந்தார்கள். வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அடுப்புக்கரி மாதிரி வந்ததாம்.

தங்கராசுவின் வண்டியில் நாரணாபுரம் போனோம். ஒரு தகரக் கொட்டகையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காகிதத்தைப் பசை தடவிக் கம்பியில் சுற்றி உருவிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய பரீட்சைத்தாள், கல்யாணப் பத்திரிகை, கிழிந்த லட்சுமி எல்லாமே விரல் பருமன் குழல்களாக உருண்டு கிடந்தன. விஷயத்தைச் சொன்னதும் கைகள் எல்லாம் நின்றன. ஒரு பெரிய மனுஷி எழுந்து மிச்சமிருந்த சாக்குகளைத் தானே கவிழ்த்துக் காட்டினார். நாங்களும் அவர்களும் மண்டியிட்டுத் தேடினோம். ஒன்றும் கிடைக்கவில்லை.

“சுத்துனதுல போயிருக்கும்யா. இம்புட்டையும் பிரிச்சுப் பாக்குறதுக்குள்ள தீவாளி வந்துரும்” என்றார் அவர். பிறகு மெதுவாக, “புதுப்பட்டி ஃபோர்மேனா? நல்ல மனுசம்யா. முன்ன அவரு ஆபீஸ்ல வேலை பாக்கயில, மேகம் கூடுனாலே எங்களை வீட்டுக்குப் போகச் சொல்லிருவாரு” என்றார்.

அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. தங்கராசு வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் காத்திருந்தான்.

எம். புதுப்பட்டியில் குருசாமி வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தது. பேச்சியம்மா உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைக் கல்யாணமான புதிதில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கழுத்தில் தாலி இன்னும் இருந்தது. அடுத்த நாள் ராத்திரி கழற்றிவிடுவார்கள்.

“வாங்கண்ணே. சாப்பிட்டீகளா?” என்றாள். அந்த நிலையிலும் அதைத்தான் முதலில் கேட்டாள். யாரோ கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

சுவரொட்டியை அவள் பார்த்திருந்தாள், ஊர் மடத்திலேயே ஒட்டியிருந்தார்கள். தங்கராசு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பாதிப் படம் போன இடத்தைச் சொன்னான். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“இந்த ஊர்ல ஆபீஸுக்குப் போன எத்தனையோ பேரைச் சாக்குல கட்டித்தேன் கொண்டாந்தாக. இவுக நெஞ்சுவலில போயி முழுசா வீட்டுக்கு வந்தாக. அம்புட்டு அழுகையிலயும் அது ஒண்ணுதேன் எனக்கு ஆறுதலு” என்றாள். “இப்ப படம் வெடிக்குப் போயிருச்சாக்கும்.”

தங்கராசு எழுந்து வெளியே போய்விட்டான்.

கருமாதிக்குப் படம் வைத்து மாலை போட வேண்டும். முகமில்லாமல் எதற்குப் படைப்பது என்று அவள் கேட்டாள். நான் அங்கேயே பினாங்குக்குப் போன் போட்டேன். என் மகள் நஸ்ரீன் எடுத்தாள். கூடத்துப் படத்தைக் கழற்றி ஸ்கேன் எடுத்து இமெயிலில் அனுப்பச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவளே திரும்பக் கூப்பிட்டாள்.

“அத்தா, படம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. உரிச்சா அந்த மாமா மொகம் கையோட வந்துரும் போல இருக்கு.”

பினாங்கு ஈரம் அப்படி. “உரிக்காதே, கண்ணாடியோடவே எடு” என்று கத்தினேன். வீடே என்னைத் திரும்பிப் பார்த்தது.

மறுநாள் காலை நானும் தங்கராசுவும் சிவகாசிக்குக் கிளம்பும்போது பேச்சியம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். துக்க வீட்டுப் பெண் கருமாதி முடியாமல் படி இறங்குவதாவது என்று சொந்தக்காரப் பெண்கள் மறித்தார்கள்.

“போன தடவ வாயால சொல்லிவிட்டேன், தப்பாப் போச்சு. இந்தத் தடவ நானே வந்து விரல வச்சுக் காட்டுதேன்” என்றாள். அதற்கு மேல் யாரும் மறிக்கவில்லை.

பிரவுசிங் சென்டரை ஒரு பெண் நடத்திக்கொண்டிருந்தார். பேச்சியம்மாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, ஃபேனை அவள் பக்கம் திருப்பிவிட்டார். பினாங்கில் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிற படம் இங்கே மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. முதலில் ஸ்டுடியோக்காரர் வரைந்த மேகம். அப்புறம் இரண்டு தலைகளின் வகிடு. அப்புறம் நெற்றி. குருசாமியின் புருவம் வந்தது, கண் வந்தது. பேச்சியம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

கரண்ட் போய்விட்டது.

அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. யூபிஎஸ் பழுதாகி ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று அந்தப் பெண் தன் தப்பு மாதிரி சொன்னார். எப்போது வரும் என்று கேட்டதற்கு, “சொன்ன நேரத்துக்கு முன்னாடி போயிருது, சொன்ன நேரத்துக்குப் பெறகு வருது” என்றார். எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. கறுத்துப்போன கண்ணாடியின் முன்னால் மூவரும் உட்கார்ந்திருந்தோம். அதில் எங்கள் முகங்கள்தான் தெரிந்தன.

“அந்தச் சட்டை உங்களுதாண்ணே?” என்று கேட்டாள் பேச்சியம்மா. “போட்டோவுல அவுக போட்டிருக்கது. பெரிசா இருக்கும்.”

“எங்க அத்தாவோடது. அவனுக்குன்னு எடுத்துட்டு வந்தேன்.”

“சொன்னாக. சாகுலு வெளிநாட்டுக்குப் போறான், இனிமே பாப்பமோ என்னவோன்னு அன்னைக்கு மட்டும் போட்டோவுக்கு நின்னேன்னாக.”

அவன் எனக்காக நின்ற ஒரே படம் அது.

கரண்ட் வந்ததும் அந்தப் பெண் மறுபடி முதலிலிருந்து இறக்கினார். மேகம், வகிடு, நெற்றி, கண். இந்தத் தடவை நிற்கவில்லை. மூக்கு வந்தது, சிரிப்பு வந்தது. இடியைக் கேட்ட மாதிரி ஒரு சிரிப்பு. பேச்சியம்மா எழுந்து திரையில் விரலை வைத்தாள்.

“இதுதேன். இவுகதேன்.”

அப்புறம்தான் அழுதாள். இரண்டு வாரமாக வந்து கட்டிப்பிடித்தவர்களோடெல்லாம் அழுதிருப்பாள், இது வேறு அழுகை. அந்தப் பெண் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

வெட்டாமல் இரண்டு பேரும் இருக்கிற மாதிரியே சட்டம் போட்டால் என்ன என்றேன். பேச்சியம்மா திடுக்கிட்டுப் போனாள். “என்னண்ணே பேசுதீக? உசுரோட இருக்க ஆளுக்கு மாலை போடுறதா? சுவத்துல ஒட்டுனதுக்கே எனக்குப் பதறிக்கிட்டு இருக்கு.”

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் என்னை நீக்கினார். தலை போனது, உடம்பு போனது. ஆனால் குருசாமியின் இடது தோளில் என் விரல்கள் மட்டும் மிச்சம் நின்றன. கழுத்துக்குப் பின்னால் போய்த் தோளில் விழுந்த கை.

“இதையும் அழிச்சிரலாம்ணே. சட்டை கலர வச்சு மூடிருவேன், தெரியாது.”

தங்கராசு சரி என்று தலையாட்டினான். நானும் ஆட்டினேன். பேச்சியம்மா மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இருக்கட்டும். அவுக தோளு வெறும் தோளா இருக்க வேணாம்” என்றாள்.

கருமாதி அன்று விடிந்ததும் மேகம் போட்டிருந்தது. பந்தலில் வாழையிலை விரித்து, அவனுக்குப் பிடித்ததெல்லாம் படைத்திருந்தார்கள். நடுவில் சட்டம் போட்ட படம். ஊர் மடத்தில் ஒட்டியிருந்த என் முகத்தை இளவட்டங்கள் தண்ணீர் ஊற்றிச் சுரண்டி எடுத்திருந்தார்கள். குருசாமியோடு வேலை பார்த்தவர்கள் வந்து நின்றார்கள், இவன் பதினேழு வயதில் இப்படியா இருந்தான் என்று வியந்தார்கள். பேச்சியம்மாவின் கழுத்து வெறுமையாக இருந்தது. அவள் மகள் ரோஜா மாலையைப் படத்துக்குப் போட்டாள். இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கியது, வலப்பக்கத்துச் சரம் தோளின் மேல், என் விரல்களை மூடிக்கொண்டு கிடந்தது.

நான் என் இடத்தில் நின்று எனக்குத் தெரிந்த துஆவை ஓதிக்கொண்டிருந்தேன். பேச்சியம்மா எழுந்தாள். எல்லோரும் பார்க்கப் படத்துக்குப் பக்கத்தில் போய், மாலையின் அந்தச் சரத்தை மட்டும் தூக்கி உள்ளே நகர்த்தி வைத்தாள். மாலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கோணலாகத் தொங்கியது. மகள் சரிசெய்யப் போனாள்.

“அத அப்பிடியே விடு. அது உசுரோட இருக்க கையி, அதுல மாலை படக்கூடாது” என்றாள் பேச்சியம்மா.